இரண்டு நீல மூடிகள்

அன்றைக்கு அந்த ஏரிக்கரை மரமேடையில் நின்றவர்கள்: அத்தான், அத்தானின் மகன், மன்னார் அண்ணை, நான், பிளேன் ஓட்ட வந்த வெள்ளைக்காரப் பெடியன். ஒரு கிழட்டு நாயும் நின்றது, ஆனால் அது பயணத்தில் சேர்த்தி இல்லை. அக்கா அங்கே இல்லை. அவள் நகரத்தில், ரெக்ஸ்டேல் வீட்டில் இருந்தாள். இதை முதலே சொல்லிவிட வேண்டும். பிறகு எங்கள் சனத்துக்குள் இந்தக் கதை திரிந்தபோது ஆளாளுக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருவர் தானும் அங்கே நின்றதாக எனக்கே சொன்னார். நான் மறுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஏன் சண்டை.

அத்தான் என் அக்காவின் புருஷன். மெத்தை செய்கிற தொழிற்சாலையில் முப்பது வருசத்துக்குக் கிட்ட நின்றுவிட்டு அந்த வசந்தத்தில்தான் ஓய்வு எடுத்திருந்தார். மன்னார் அண்ணை அவருடைய பழைய கூட்டாளி. இந்த ஊருக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருவரும் ஒரே அறையில் மாறி மாறி ஒரு கட்டிலில் படுத்தவர்கள். மன்னார்க்காரர், கத்தோலிக்க வேதக்காரர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். அத்தானின் மகன் எனக்கு மருமகன். இங்கே பிறந்து வளர்ந்தவன். முப்பது வயதாகப் போகிறது. பயணத்தை ஒழுங்கு செய்தது அவன்தான்.

"அப்பாக்கு ஒரு நல்ல மணிக்கூடு வாங்கிக் குடுத்தால் போதாதே?" என்று அவனிடம் கேட்டேன்.

"மாமா, அவர் லைஃப்லை ஒரு வெக்கேஷனும் போகேல்லை. திஸ் இஸ் ஹிஸ் ட்ரீம். ரோட்டே இல்லாத லேக். பிளேன்லை தான் போகலாம்."

ரோட்டு இல்லாத இடம் என்பதை அவன் ஒரு நல்ல விசயம்போலச் சொன்னான். ரோட்டு இல்லை என்றால் அம்புலன்ஸ் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதனால் எதுவும் எழுத்தில் வந்தால் மற்றவர்களைவிட இரண்டு தரம் கூட வாசிப்பேன். அந்த லொட்ஜில் இருந்து வந்த கடுதாசியை அஜக்ஸில் இருந்து வேலைக்குப் போகிற ரெயினில் ஒரு கிழமையாக வாசித்தேன். கரடி வந்தால் என்ன செய்வது என்று அரைப் பக்கம் போட்டிருந்தது. காலநிலை சரியில்லை என்றால் பிளேன் வராது, அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று இன்னொரு இடத்தில் இருந்தது. அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டேன். கோடு போட்டு என்ன, பிளேன் வரவா போகிறது.

எனக்கு இருந்த பயம் உண்மையில் கரடியோ பிளேனோ இல்லை. அத்தானின் சீனி வருத்தம். அவருக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஒரு நேரம் தவறினாலும் சீனி ஏணியில் ஏறுகிற மாதிரி ஏறும். இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு தரம், கலியாண வீடு ஒன்றுக்குப் போய் ஊசியை மறந்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஆளை அடையாளம் தெரியாமல் கிடந்தார். அப்போது பக்கத்தில் இருந்தது நான். என்னைப் பார்த்து "நீர் ஆர் ஐசே?" என்று மரியாதையாகக் கேட்டார். ரோட்டு இல்லாத ஏரியில் அப்படி ஒன்று நடந்தால் என்ற யோசனைதான் எனக்கு.

அக்கா சாமான் கட்டினாள். அக்காவின் குளிர்ப்பெட்டியில் உள்ள ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் சனத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வனிலா என்று எழுதியிருக்கும், திறந்தால் கருவாட்டுக் குழம்பு இருக்கும். என் பிள்ளைகள் சின்ன வயதில் ஏமாந்து ஏமாந்து, பிறகு வனிலா என்ற எழுத்தைக் கண்டாலே நம்பாத ஆட்கள் ஆகிவிட்டார்கள். அந்தப் பயணத்துக்கு அக்கா கட்டிக் கொடுத்தது அப்படிப்பட்ட பெட்டிகளில் ஏழோ எட்டோ: வறுத்த மிளகாய்த்தூள், இறைச்சிக் கறி, ஊறுகாய், மீன் பொரிக்கத் தூள் பிரட்டினது, செத்தல்மிளகாய்ச் சம்பல். அத்தானின் ஊசியும் மருந்தும் ஒன்றில். ஐஸ் வைப்பதற்கு அதுதான் வசதி என்றாள்.

நான் வேலை செய்வது தயிரைப் பெட்டியில் அடைக்கிற ஓர் இடத்தில். லேபல் இல்லாத ஒரு பெட்டி வந்தால் பெல்ற்றை நிப்பாட்டுகிறதுதான் என் வேலை. அதனால் வெளிக்கிட முந்தியே அக்காவிடம் கேட்டேன்.

"மருந்து எந்தப் பெட்டியிலை?"

"நீல மூடி போட்டதிலை."

"சம்பல்?"

"அது மற்றதிலை."

"மற்றது என்ன மூடி?"

"அதுவும் ஒரு மூடி தான்ரா. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு விசாரணை."

வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டு நானூறாம் நெடுஞ்சாலையால் வடக்கே ஓடினோம். நாள் முழுக்க ஓட்டம். பொழுது பட ஒரு மோட்டலில் தங்கினோம். வெள்ளி காலை மோட்டல் மேசையில் பாணும் சம்பலும் வைத்துச் சாப்பிட்டோம். அதே மேசையில்தான் அத்தான் ஊசியும் போட்டார். வயிற்றில் ஊசியைக் குத்தியபடியே, "சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி காணாது," என்று குறை சொன்னார். பிறகு நாலு பேரும் சேர்ந்து சாமானைக் கட்டினோம், சிலது பைகளுக்குள், சிலது ஐஸ் போட்ட கூலர் பெட்டிகளுக்குள். யார் எதை எடுத்து எதற்குள் வைத்தோம் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பிறகு எவ்வளவோ தரம் பேசிப் பார்த்தாகிவிட்டது.

பிளேன் என்றால் சில்லுக்குப் பதிலாக இரண்டு ஓடம் பூட்டின சின்னப் பிளேன். ஏரியில் மிதந்துகொண்டு நின்றது. ஓட்ட வந்த பெடியன் மரமேடையில் ஒரு தராசை வைத்துக்கொண்டு சாமானை மட்டும் இல்லை, எங்களையும் ஒவ்வொருவராக ஏறச் சொன்னான். அத்தான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்.

"என்ன, கோயிலுக்குள்ளையே போறாய்?" என்றார் மன்னார் அண்ணை.

"சப்பாத்து ரெண்டு இறாத்தல் வரும் ஐசே."

"அப்ப உன்ரை வண்டி வயித்தையும் கழட்டி வை. அது நாப்பது வரும்."

பெடியன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். பாரம் கூட. நூறு இறாத்தலுக்குக் கிட்ட இறக்க வேண்டும் என்றான். கனக்கக் கதைக்கவில்லை. சாமானைக் காட்டினான், பிறகு தண்ணீரைக் காட்டினான்.

இனி எதை விடுவது என்ற கதை தொடங்கியது. மருமகன் தூண்டில் சாமான் ஒன்றையும் விட மாட்டான். மன்னார் அண்ணை இரண்டு பெட்டி பியரில் ஒன்றுக்கு மேல் விட மாட்டார். அரிசி மூட்டை இருபது இறாத்தல்.

"அப்பா, அங்கை ஃபுட் இருக்கு. தே குக் ஃபோர் அஸ்."

"அவங்கள் அவிக்கிறது சாப்பாடே? அரிசி ஏறும்."

மடக்குக் கதிரை நாலும் இறங்கின. ஒரு பெட்டி பியர் இறங்கியது. மன்னார் அண்ணை அதன்மேல் கையை வைத்து ஒரு நிமிசம் நின்றார். இன்னும் காணாது. அப்போது அத்தான்தான் சொன்னார்.

"உந்தச் சின்னச் சிவப்புக் கூலரை விடுங்கோ. உதுக்குள்ளை சம்பலும் மிச்சப் பாணும் தானே."

"அத்தான், மருந்து?" என்று கேட்டேன்.

தன் முதுகுப் பையைத் தட்டிக் காட்டினார். "இஞ்சை கிடக்கு."

"வடிவாய்ப் பாத்தீங்களே?"

"ஓமடாப்பா. நீ பிளேன் விழாமல் பார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெடியன் சிவப்புக் கூலரைத் தூக்கிக்கொண்டு போய்த் கரையில் இருந்த தங்கள் கந்தோர் அறைக்குள் வைத்தான். நாய் அதை முகர்ந்துகொண்டே பின்னால் போனது.

பறந்ததைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கீழே மரம், தண்ணீர், மரம், தண்ணீர். ஒரு வீடு இல்லை, ஒரு கரண்டுக் கம்பி இல்லை. இறக்கையின் அடியில் ஒரு ஆணி துடித்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மன்னார் அண்ணை சத்தம் போடாமல் செபமாலை உருட்டினார். அத்தான் முன்னால் பெடியனுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு தரம் திரும்பி எங்களைப் பார்த்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

லொட்ஜ் என்றது ஆறு மரக் குடிசையும் சமைக்க ஒரு குசினியும். நடத்துகிறது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா. அந்தக் கிழமை எங்களைத் தவிர வேறு ஆட்கள் வரவில்லை. போன் வேலை செய்யாது, அவசரம் என்றால் குசினியில் சற்றலைற் போன் ஒன்று இருக்கிறது என்று காட்டினாள். அடுத்த பிளேன் திங்கட்கிழமை, சாமான் கொண்டு வரும் என்றாள். நான் அந்தப் போன் எங்கே தொங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் வள்ளத்தில் இறங்கினோம். ஏரியில் பனிக்கட்டி கரைந்து கொஞ்ச நாள்தான், அதனால் ட்ரவுட் மீன் மேலேயே நிற்கும் என்று மருமகன் சொன்னான். வள்ளத்தை மெதுவாக ஓட்டினான். கரண்டி மாதிரி மினுங்குகிற தூண்டில் பின்னால் இழுபட்டு வந்தது. குளிர். முகத்தைச் சுற்றிக் கறுப்புச் சின்ன ஈ. மன்னார் அண்ணையின் தூண்டிலில் ஒரு மரக்கிளை மாட்டியது. "இது எத்தினை இறாத்தல் வரும்?" என்று அத்தான் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அத்தானின் தடி வளைந்தது.

ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாளியோடு நின்று அவர் பிடித்த மீன்கள் எல்லாம் உள்ளங்கை அளவு. இது வேறு. ஒரு தரம் வள்ளத்துக்குக் கிட்ட வந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே போனது. அத்தான் தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நூலைச் சுற்றினார். வலையில் ஏறியபோது பார்த்தோம், கருஞ்சாம்பல் முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி, வயிறு பால். மருமகன் போன் எடுத்துப் படம் பிடித்தான். அத்தான் மீனைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். அப்போதுதான் மன்னார் அண்ணை கேட்டார்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

அத்தானின் முகம் மாறியது. வெள்ளிக்கிழமை. அவர் வெள்ளிக்கிழமைகளில் மச்ச மாமிசம் வாயில் வைக்க மாட்டார். கல்யாணம் கட்டின நாளில் இருந்து இல்லை, அதற்கு முந்தியே இல்லை.

"மீன் பிடிக்கிற பயணத்தை வெள்ளிக்கிழமை வைச்ச ஒரே சனம் நீங்கள்தான்," என்றார் மன்னார் அண்ணை. "எங்களுக்கு வெள்ளி எண்டால் இறைச்சி இல்லை, மீன் சாப்பிடலாம். இண்டைக்கு என்ரை மதம் வெல்லுது."

"ஐ டிடின்ற் திங்க் அபௌட் இற், அப்பா," என்றான் மருமகன்.

"பரவாயில்லை. நாளைக்குச் சாப்பிடுவம். சனிக்கு ஒண்டும் இல்லை."

"சனியனுக்கு விரதமே?" என்றார் மன்னார் அண்ணை.

குடிசைக்கு வந்து அத்தான் சீனி அளக்கிற சின்ன மெசினை எடுத்து விரலில் குத்தினார். பதினாலு; இங்கத்தைய கணக்கில் ஏழைத் தாண்டக் கூடாது. சாப்பாட்டுக்கு முந்தி அது கூடத்தான், ஆனால் ஊசி போட்டால் இறங்கும். பையில் இருந்து நீல மூடி போட்ட ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார்.

சிவப்பாக இருந்தது. செத்தல்மிளகாய் வாசம் குடிசை முழுக்க அடித்தது.

முதலில் எல்லோரும் சிரித்தோம். அதை ஒளிக்க முடியாது. மன்னார் அண்ணை, "உதை ஊசியிலை ஏத்தினால் சீனி மட்டும் இல்லை, ஆளே இறங்கிப் போவார்," என்றார். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பு நின்றது. மருமகன் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். காலுறை, தொப்பி, குளிசை மாத்திரைப் போத்தல், ஒரு திருநீற்றுப் பை. மருந்து இல்லை. மருந்து சிவப்புக் கூலருக்குள், நீல மூடி போட்ட மற்றப் பெட்டியில், கந்தோரில், நாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலும் "நீர் ஆர் ஐசே?" என்ற கேள்வியும் வந்து நின்றன.

"ஒண்டும் செய்யாது," என்றார் அத்தான். "குளிசை இருக்கு. திங்கள் பிளேன் வரும்."

"மூண்டு இரவு அத்தான்."

"சாப்பாட்டைக் குறைச்சால் சரி."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். மருமகன் பின்னால் வந்தான், அவனுக்குப் பின்னால் அத்தான் சப்பாத்துப் போடாமல் வந்தார். அந்த அம்மா விசயத்தைக் கேட்டதும் முகத்தை மாற்றாமல் போனை எடுத்து அடித்தாள். கந்தோரில் ஆள் இருந்தது. கூலர் இருந்தது. திறந்து பார்த்து மருந்து இருக்கிறது என்றும் சொன்னார்கள், குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டோம் என்றார்கள். ஆனால் மேகம் கீழே இறங்கி நிற்கிறது, இன்றைக்குப் பறக்க ஏலாது. காலை பார்க்கலாம். தனிப் பிளேன் விட்டால் ஆயிரத்து முந்நூறு டொலர். திங்கட்கிழமை சாமானோடு வந்தால் ஒரு சதமும் இல்லை. எது வேண்டும் என்று அந்த அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

அத்தானுக்கு அந்தத் தொகை மட்டும் வடிவாக விளங்கியது.

"ஆயிரத்து முந்நூறோ? அந்தக் காசுக்கு ஊருக்குப் போட்டு வரலாம். வேண்டாம் எண்டு சொல்லு."

"அப்பா, ப்ளீஸ்."

"வேண்டாம் எண்டு சொல்லடா. சம்பலுக்கு ஆரும் பிளேன் விடுவினமே?"

மருமகன் என்னைப் பார்த்தான். அவன் முற்பணம் கட்டின கார்ட்டில் இடமில்லை என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தான். நான் பேர்ஸில் இருந்து என் கார்ட்டை எடுத்து அந்த அம்மாவின் மேசையில் வைத்தேன். வீட்டில் ஒரு பல்பு வாங்குவதற்கும் இரண்டு கடை ஏறி இறங்குகிற ஆள் நான். அந்த அம்மா கார்ட்டைப் பார்த்து எண்களைப் போனில் வாசித்தாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

"உன்னை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"நான் தருவன்."

"பேந்து பாப்பம்."

"பேந்து பாப்பம்" என்றால் பிறகு பார்ப்போம்; எங்கள் ஆட்களுக்குள் அதற்குப் பல அர்த்தம். சாப்பாட்டுக் கடையில் அதைச் சொன்னால் "நான்தான் கட்டப் போகிறேன், கையை எடு" என்று அர்த்தம். கடன் கேட்டவனிடம் சொன்னால் "தர மாட்டேன்" என்று அர்த்தம். நான் எதை நினைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அத்தான் தனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்றிரவு சாப்பாடு ஒரு சிக்கல். சோறு சாப்பிட ஏலாது, சீனி ஏறும். மீன் சாப்பிட ஏலாது, வெள்ளிக்கிழமை. முட்டையும் அப்படித்தான். இருபது இறாத்தல் அரிசியும் தன் கையால் பிடித்த மீனும் பக்கத்தில் இருக்க, அத்தான் வெள்ளரிக்காயும் சீஸ் துண்டும் தின்றார். மன்னார் அண்ணை மீனின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி அக்கா பிரட்டித் தந்த தூளில் பொரித்தார். மற்றப் பக்கத்தை அத்தானுக்கு என்று ஐஸில் வைத்தார். குசினி முழுக்கப் புகை. அந்த அம்மா இருமி இருமிக் கதவைத் திறந்துவிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வர, "குட்," என்றாள். பிறகு இன்னொரு துண்டும் எடுத்தாள்.

"உவனுக்காக ஒரு வாய் ஜெபம் சொல்லட்டே?" என்று மன்னார் அண்ணை அத்தானைக் காட்டி என்னிடம் கேட்டார். பகிடி என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே எழும்பிப் போய் வாசலில் நின்று கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்.

காலையில் ஏரியைக் காணவில்லை. வெள்ளைப் பனிப்புகார். மரமேடையின் நுனியில் நின்றால் அதற்கு அங்காலே ஒன்றும் இல்லை. அத்தான் இரவு முழுக்கத் தண்ணீர் குடித்துக் குடித்து வெளியே போய் வந்துகொண்டிருந்தார். மெசின் பத்தொன்பது காட்டியது. வாய் காய்ந்து, உதடு வெடித்து, கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் பிந்தித்தான் மறுமொழி வந்தது. நான் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டு நம்பர் என்ன, தொழிற்சாலையில் கடைசி மனேச்சரின் பேர் என்ன. மூன்றாவது கேள்வியில் விளங்கிவிட்டது அவருக்கு.

"நீ என்னைச் சோதிக்கிறாய்."

"இல்லை அத்தான். சும்மா."

"எனக்கு உன்னைத் தெரியும். நீ என்ரை மனிசியின்ரை தம்பி. பயந்தாங்கொள்ளி."

எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு தரம் பிளேன் சத்தம் கேட்டது. புகாருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. எல்லோரும் மேலே பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. பிறகு சத்தம் தேய்ந்து போனது. மருமகன் மரமேடையில் குந்திக்கொண்டு முகத்தைக் கையால் மூடினான். மன்னார் அண்ணை அவன் முதுகைத் தட்டி, "வருவான்ரா. அவனுக்குக் காசு கட்டியாச்சு," என்றார். எனக்கு அந்தக் கடுதாசியில் நான் கோடு போட்ட வரிதான் ஞாபகம் வந்தது. வராவிட்டால் தாங்கள் பொறுப்பில்லை.

மத்தியானத்துக்குக் கிட்டப் புகார் மெல்ல எழும்பியது. அப்போது பிளேன் வந்து தண்ணீரில் இறங்கியது. அதே பெடியன். கையில் ஐஸ்கிறீம் பெட்டி. நீல மூடியின்மேல் கறுத்த மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் இன்சுலின் என்று எழுதியிருந்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு ஐஸ்கிறீம் பெட்டிக்கு லேபல் விழுந்தது அதுதான் முதல் தரம்.

அத்தான் மரமேடையிலேயே குந்தி, சேட்டைத் தூக்கி, எல்லோருக்கும் முன்னால் ஊசியைப் போட்டார். பெடியன் மறுபக்கம் திரும்பி நின்றான். பின்னேரம் மெசின் பன்னிரண்டு காட்டியது. அன்றிரவு அவர் கொஞ்சச் சோறும் மீனின் மற்றப் பக்கமும் சாப்பிட்டார். முள்ளைக்கூட உறிஞ்சினார். மிச்ச நாள் நல்லாகத்தான் போனது. அத்தான் இன்னும் மூன்று மீன் பிடித்தார், ஆனால் முதல் மீனைப் பற்றித்தான் இன்றைக்கும் கதைப்பார்.

திரும்பி வந்த பிறகு அக்கா எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஏசினாள். நீல மூடி என்று தான் தெளிவாகச் சொன்னதாக இன்றைக்கும் நிற்கிறாள். மருமகன் பிளேன் காசைத் தான் தருவதாகச் சொன்னான், மன்னார் அண்ணை மூன்று பங்காகப் போடுவோம் என்றார். அத்தான் இரண்டையும் விடவில்லை.

"என்ரை மருந்து. என்ரை காசு."

அதற்குப் பிறகு அவர் என்னைக் காணும்போதெல்லாம் என் சேட்டுப் பொக்கற்றுக்குள் ஐம்பது டொலர் தாளை வைப்பார். மண்டபத்தில், கோயில் வாசலில், செத்த வீட்டிலும்கூட ஒரு தரம். அக்கா காணாமல் வைப்பார். ஓய்வூதியத்தில் அவருக்கு அவ்வளவுதான் முடியும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி, "வாங்காதேங்கோ, வெக்கமில்லையே?" என்பாள். நான் வாங்குவேன்.

ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அத்தான் கடன் வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த காலத்தில், தன்னை இங்கே அனுப்பின தமையனுக்குக் கடைசி டொலர் கட்டி முடிக்கும் வரைக்கும் சொந்தமாக ஒரு கட்டில்கூட வாங்காதவர். மன்னார் அண்ணை இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அத்தானுக்கு இப்போது சிறுநீரகம் கிட்டத்தட்ட வேலை செய்வதில்லை. கிழமையில் மூன்று நாள் மெசினில் இரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள். கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். மீன் தடி ரெக்ஸ்டேல் வீட்டில் கார் விடுகிற கராச்சில் நிற்கிறது. நான் படிக்காதவன், டொக்டர் சொல்வது எனக்குப் பாதி விளங்காது. ஆனால் இந்தக் கணக்கு முடியும் வரை அவர் ஒரு இடமும் போக மாட்டார் என்று எனக்குள் ஒரு யோசனை. காசை வாங்காவிட்டால் கணக்கே இல்லாமல் போய்விடும். விசர், பைத்தியக்கார யோசனைதான்.

கணக்கு முடியக் கிட்டுகிறது, அதனால் அண்மைக் காலமாக நான் கொஞ்சம் ஒதுங்குகிறேன். அவர் வருகிற மண்டபத்தில் சேட்டுப் பொக்கற் இல்லாத உடுப்புப் போட்டுக்கொண்டு போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன, பொக்கற் இல்லாத சேட்டுப் போடுறாய் இப்ப?"

"இது புதுசு அத்தான்."

"கையை நீட்டு."

நீட்டினேன். தாளை வைத்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். கை குளிர்ந்திருந்தது.

"இனி எவ்வளவு?" என்று கேட்டார்.

"பேந்து பாப்பம்," என்றேன்.

"பேந்து என்ன பேந்து. சொல்லு."

சொன்னேன். இருநூற்றைம்பது டொலர்.